சேஷகிரியின் நிலத்தில் விழுந்த கொம்புகள்

1995ஆம் வருடம் மார்ச் இருபத்தெட்டாம் தேதி காலை, மர்பி டவுனில் குடியிருந்த உத்தமனின் தலையிலிருந்து முதல் ஜோடிக் கொம்பு விழுந்தது. இடது பக்கத்தது ஏழரை மணிக்கு, வலது பக்கத்தது ஏழே முக்காலுக்கு. இரண்டும் மும்மூன்று கிளை விட்ட, நன்றாக முற்றிய புள்ளிமான் கொம்புகள். விழுந்த இடம் பீன்யா தொழிற்பேட்டையில் சேஷகிரி என்பவருக்குச் சொந்தமான எட்டு ஏக்கர் புதர்க்காடு. அங்கே உத்தமன் சுவரேறிக் குதித்துத்தான் போயிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

சுவரேறும் பழக்கம் 1991இல் தொடங்கியது. அந்த நிலத்தை ஒட்டிய ஒரு சின்னப் பட்டறையில் உத்தமன் லேத் ஓட்டினார். சுற்றிலும் ஷெட்டுகள் எழும்பிய பிறகும் சேஷகிரி நிலத்தை விற்கவில்லை. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பிடிவாதக்காரர். உள்ளே பதினைந்து மான்கள் திரிந்தன. எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்கவில்லை. ஆண்மான் வருடத்துக்கு ஒரு முறை கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். உதிர்ந்ததை உத்தமன் பொறுக்கிச் சாப்பாட்டுப் பையில் செருகி, இரண்டு பஸ் மாறி வீட்டுக்குக் கொண்டுபோவார். மனைவி அம்புஜம் அதைக் கல்லில் உரைத்து, தெருவில் யாருக்கு வீக்கம், சுளுக்கு என்றாலும் பற்றுப் போடுவாள். "கீழ வுழுந்து கெடக்கறதுதானே, அத எடுத்தா என்ன?" என்பது உத்தமன் கட்சி. டிக்கெட் வாங்காமல் பஸ்ஸில் ஒரு ஸ்டாப் கூடப் போகாத மனிதர் அவர். அதைத் திருட்டு என்று நினைத்திருந்தால் நிச்சயம் செய்திருக்க மாட்டார்.

அவர் செய்த தப்பு வேறு. 1994 ஆயுத பூஜையன்று பட்டறையில் எல்லோரும் அவரவர் ஸ்பானரையும் அளவுக் கருவியையும் லேத்தின் முன் பரப்பிச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். உத்தமன் அன்று காலையில் பொறுக்கிய கொம்பையும் தன் கருவிகளோடு வைத்துப் பொட்டிட்டுப் பூச்சுற்றிவிட்டார். கற்பூரம் காட்டிப் பூசணிக்காயும் உடைத்தாயிற்று. பூஜையில் வைத்துக் கும்பிட்டால் அது அவரவர் கைக்கருவி, அதோடு பிழைத்துத்தான் ஆக வேண்டும் என்பதை அவர் யோசிக்கவில்லை. பத்தாம் நாள் நெற்றிக்கு மேலே இரண்டு இடத்தில் அரித்தது. தீபாவளிக்குள் பூனைமுடி போர்த்த இரண்டு முளைகள் வந்தன, பொங்கலுக்குள் ஒரு முழம் வளர்ந்தன. டாக்டர் பார்த்துவிட்டு, கால்சியம் குறைவில்லை என்றார். பட்டறையில் ஹாக்ஸா பிளேடு போட்டு அறுத்துப் பார்த்ததில் ஏழு பிளேடுகள் உடைந்தன.

மார்ச்சில் தலை கனத்தபோது, கால் தானாக அவரை அந்தச் சுவருக்கு இழுத்துப்போனது. கொம்பு விழுந்த இடத்தில் சேஷகிரி காலை நடைக்கு வந்து நின்றிருந்தார்.

"ஏன்பா, கேட் இருக்கச்சே எதுக்குக் காம்பவுண்ட் ஏறிக் குதிக்கறே?" என்றார். பிறகு கீழே கிடந்ததைப் பார்த்தார். "இத்தனை நாளா கொம்பு பொறுக்கினது நீதானா? அது குப்பையில்லேப்பா. மானெல்லாம் அதைக் கடிச்சுத் திங்கும். சுண்ணாம்புச் சத்துக்கு அதுகள் எங்கே போகும்? நாலு வருஷமா என் மானுங்க செவுத்தை நக்கிண்டு நிக்கறது."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பெண்மான்கள் வந்து, உத்தமனின் இடது கொம்பைக் கடிக்க ஆரம்பித்தன. உத்தமனுக்கு வெட்கமாகிவிட்டது. அழுகை கூட வந்தது என்று பின்னால் அம்புஜத்திடம் ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் அங்கிருந்து ஒன்றும் எடுக்கவில்லை. வருடா வருடம் மார்ச் கடைசியில் கேட் வழியாகப் போய், தன் கொம்பைப் போட்டுவிட்டு வந்தார். வேறு எங்கும் அது விழவில்லை. ஒரு வருடம் போகாமல் இருந்து பார்த்ததில், மே மாதம் வரை மின்விசிறியில் இடித்துக்கொண்டு திரிய வேண்டியதாயிற்று. மான் கொம்பு வைத்திருப்பது குற்றம் என்று விசாரிக்க வந்த அதிகாரி ஒருவர், கொம்பு முளைத்திருந்த இடத்தைப் பார்த்தார். எந்தச் சட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல் காபி குடித்துவிட்டுப் போனார். பஸ்ஸில் கண்டக்டர்கள் அவரைக் கடைசி சீட்டில் உட்காரச் சொன்னார்கள். தெரு பழகிக்கொண்டது, அம்புஜம் மட்டும் பழகிக்கொள்ளவில்லை.

2002இல் மகள் வைஷ்ணவிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அருண்குமார் தர்மபுரிப் பக்கத்துப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெண் பார்க்க வந்த அன்றும் நிச்சயத்தன்றும் உத்தமன் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லிச் சமாளித்தாயிற்று. முகூர்த்தம் தை மாதக் கடைசியில். கொம்பு விழவோ அதற்குப் பிறகும் ஒன்றரை மாதம் ஆகும். "தப்பா நெனைக்காத. நீ மண்டபத்துக்கு வராத. எங்க அண்ணனும் அண்ணியும் தாரை வாத்துக் குடுக்கட்டும்," என்றாள் அம்புஜம். தாரை வார்ப்பதற்கு ஜோடியாக உட்கார வேண்டும். உத்தமன் வராவிட்டால் தனக்கும் அந்த மணையில் இடமில்லை என்று தெரிந்தேதான் சொன்னாள்.

மகளைத் தன் கையால் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர உத்தமனுக்கு அந்த வருடம் வேறு ஆசை இருக்கவில்லை. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே சேஷகிரியின் நிலத்தில் போய் உட்கார்ந்தார். சேஷகிரி நாற்காலியும் பிளாஸ்கில் காபியும் கொடுத்தார். உத்தமன் கொம்பை மரத்தில் உரசினார், முட்டினார், வேண்டிக்கொண்டார். மான்கள் வந்து நக்கிப் பார்த்து, இன்னும் முற்றவில்லை என்பதுபோல் திரும்பிப் போயின. கொம்பு அசையவில்லை.

முகூர்த்தத்தன்று காலை ஆறு மணிக்கு, கேட் முன்னால் ஆட்டோ வந்து நின்றது. நலங்கு மஞ்சள் முகத்தோடு வைஷ்ணவி இறங்கினாள், பின்னால் அருண்குமார்.

"இவருகிட்ட நேத்தே சொல்லிட்டேன். எழுந்து வாப்பா, டைம் ஆவுது," என்றாள்.

"உங்க அம்மா..."

"அம்மாவ நான் பாத்துக்கறேன்."

அருண்குமார் மாமனாரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஆட்டோவின் உயரத்தைப் பார்த்தான். "மாமா, ஒரு சைடா சாஞ்சு உக்காருங்க, சரியா இருக்கும்," என்றான்.

அல்சூரில் மண்டப வாசலில் அம்புஜம் ஆட்டோவைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா கோவிந்தப்பா எதிரே வந்து, உத்தமனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "சம்பந்தி, டிபன் ஆச்சா? பொங்கல் தீந்துடும், மொதல்ல சாப்புடுங்க," என்றார் கோவிந்தப்பா. அதற்கு மேல் அந்தக் குடும்பத்தில் அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

உத்தமனும் அம்புஜமும் ஜோடியாக உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். மகளின் கை மேல் உத்தமன் கை, அதன் மேல் அம்புஜம் தண்ணீர் ஊற்றினாள். முடிந்ததும் குடும்பப் படம். போட்டோகிராபர் கேமரா வழியாகப் பார்த்துவிட்டு, அப்பா கொஞ்சம் குனிந்தால் தலைக்கு மேல் இருப்பது படத்தில் தெரியாமல் எடுத்துவிடலாம் என்றார். உத்தமன் குனியப் போனார். அம்புஜம் அவர் முழங்கையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"நீங்க ரெண்டடி பின்னால போங்க சார். நுனி வரைக்கும் முழுசா வரணும்," என்றாள்.