சாம்பிள் எப்படியோ சாமான் அப்படி

அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் கோபாலசாமியின் ஜீப் சாமியாடும். சும்மா ஆடாது. ரோட்டில் ஒரு சின்னப் பள்ளமாவது உடுக்கை அடிக்க வேண்டும். முன்சக்கரம் அதில் இறங்கி ஏறிய அடுத்த நொடி ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதற ஆரம்பிக்கும். ஓட்டுகிறவரின் தோள், தாடை, சட்டைப் பையில் இருக்கிற பேனா எல்லாம் கூடவே ஆடும். வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் சாமி மலையேறும்.

வேறு யாருடைய வண்டிக்கு இப்படி வந்திருந்தாலும் அது வெறும் ரிப்பேர். கோபாலசாமிக்கு வந்ததால் அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் அவர். பம்புக்குள் போகிற ஷாஃப்ட், பின், புஷ் எல்லாம் கடைந்து கொடுப்பவர். அவர் கையளவு தலைமயிர் கனம்கூடப் பிசகாது என்று ஊரில் பேர். அந்தப் பேரை ஊர் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார் என்பது வேறு விஷயம்.

டயரை மாற்றினார். சக்கரத்துக்கு பேலன்ஸிங் பார்த்தார். அலைன்மென்ட் பார்த்தார். டை ராட் எண்ட் மாற்றினார், பேரிங் மாற்றினார். கடைசியில் ஸ்டியரிங்கின் உதறலை அமுக்குவதற்கென்றே இருக்கும் டேம்பரைப் புதிதாகப் போட்டார். அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துகிற வேலை அது. ஒரு வாரம் வண்டி சாதுவாக இருந்தது. அடுத்த வாரம் டேம்பரையும் சேர்த்துக்கொண்டு ஆடியது.

மாற்றுவதற்குச் சாமான் தீர்ந்துபோனதும் மிச்சம் இருந்தது ஓட்டுநர்தான். கோபாலசாமி தன்னை மாற்றிக்கொள்ளும் உத்தேசத்தில் இல்லை. ஆகவே பழி ஹாரிகாவின் மேல் இறங்கியது. ஹாரிகா அவருடைய ஒரே மகள். அவ்வப்போது ஜீப்பை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போவாள்.

"வண்டி குதிரை மாதிரி அம்மணி. கெட்ட கையில பழகுனா கெட்ட புத்திதான் வரும்" என்றார்.

"அப்ப போன தடவை பல்லடத்துல நீங்க ஓட்டறப்ப ஆடுச்சே, அது?"

"அதுக்கு முந்துன வாரம் நீ ஓட்டுனியல்ல."

பல்லடத்தில் நடப்பது காட்டு ஓட்டப் பந்தயம். தம்பிதுரை என்று ஒரு கோழிப்பண்ணைக்காரர், கோபாலசாமியின் சிநேகிதர், வருஷா வருஷம் தன் கரட்டு நிலத்தில் நடத்துவார். மேடு, பள்ளம், சேறு, கடைசியில் ஒரு நீளமான மண் பாதையில் வேக ஓட்டம். போன வருஷம் அந்தப் பாதையில்தான் கோபாலசாமி அத்தனை பேர் முன்னால் ஆடி நின்றார். இறங்கி வந்து, பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்ததாகச் சொன்னார்.

இந்த வருஷம் ஓட்டவேண்டும் என்று ஹாரிகா ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு வண்டிக்கு ஒரு ஓட்டுநர்தான் என்பது பந்தய விதி. செவ்வாய்க்கிழமை பேர் எழுத வந்த தம்பிதுரை, காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்ணா, இந்த வருசம் நீங்களா அம்மணியா?"

"ஆட்டம் நின்னாப் பாக்கலாமுங்க."

"எந்த ஆட்டமுங்? பிரேக் பாத்தேன்னீங்களே?"

கோபாலசாமி காபியில் சர்க்கரை போதாது என்று மனைவி கோமளாவைக் கூப்பிட்டார். தம்பிதுரை சிரித்துக்கொண்டே, ஞாயிறு காலை மைதானத்தில் பேர் சொன்னால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரியே தீர்ப்பும் வந்தது. "ஆட்டத்தோட உன்னைய அனுப்பறதுக்கு இல்ல. நான் ஓட்டுனா எப்படியாச்சும் சமாளிச்சுப்போடுவேன்."

ஹாரிகா ஒரு பம்பு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறாள். சப்ளையர்கள் கொண்டுவருகிற சாமானைப் பார்த்து "இது வேண்டாமுங்க" என்று சொல்வது அவள் உத்தியோகம். அவள் சொல்லும் பதத்தில் அவர்கள் நன்றி சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்கள். எதையும் வேண்டாம் என்பதற்கு முன் கையில் காரணம் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை அவளுக்கு லீவு. அப்பா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் இதுவரை வண்டியைச் சோதித்த விதத்தை அவள் யோசித்துப் பார்த்தாள். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்குவார். தனியாகப் படுத்து, ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்ப்பார். எல்லாம் கெட்டியாக இருக்கும். இருக்காதா பின்னே? தலையில் சுமை இல்லாதபோது யார்தான் ஆடுகிறார்கள்? சக்கரம் தரையில் நிற்க வேண்டும், வண்டியின் பாரம் அதன்மேல் இருக்க வேண்டும், ஒருவர் ஸ்டியரிங்கை ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. இரண்டாவது ஆளை நம்புவது கோபாலசாமி ஜாதகத்தில் இல்லை.

"அம்மா, கொஞ்சம் வந்து ஜீப்புல உக்காருங்களேன்."

கோமளா போனில் உக்கடத்தில் இருக்கும் அக்காவோடு பேசிக்கொண்டே வந்து ஏறினாள். ஹாரிகா என்ஜினை ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, பாயை விரித்துக் கீழே நுழைந்தாள்.

"ஸ்டியரிங்க இப்படி ஒருக்கா அப்படி ஒருக்கா திருப்புங்கம்மா. கொஞ்சமாத் திருப்புனாப் போதும்."

"இரு அக்கா, இவ வண்டிய ஆட்டச் சொல்றா... ஆமாக்கா, அவுரு கல்யாணத்துக்குப் போயிட்டாரு... ஏங்கண்ணு, இன்னும் ஆட்டோணுமா?"

"ஆட்டுங்க."

டை ராட் அசைந்தது. அது அசையத்தான் வேண்டும். பேரிங் அசையவில்லை. டார்ச் வெளிச்சம் குறுக்கு ராடுக்கு வந்தது. வண்டியின் சட்டத்திலிருந்து முன் அச்சுக்குப் போகும் இரும்பு ராடு அது. அச்சு பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அம்மா இடப்பக்கம் திருப்பியபோது அதன் ஒரு முனை 'டிக்' என்றது. வலப்பக்கம் திருப்பியபோது மறுபடியும் 'டிக்'. அந்த முனையைப் பிடித்திருந்த போல்ட், தன் ஓட்டைக்குள் சொந்த வீட்டில் இருப்பது போலத் தாராளமாக உலாவிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கம்மா!"

"நிறுத்திட்டேன். என்னாச்சு?... அக்கா, எதையோ கண்டுபுடிச்சுட்டா."

அந்த போல்ட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். பழைய போல்ட் துருப்பிடித்திருக்கிறது என்று போன வருஷம் அப்பா கழற்றினார். டவுனில் எந்தக் கடையிலும் கிடைக்கிற சாமான்தான். ஆனால் லேத் வைத்திருக்கிறவன் போல்ட் வாங்கினான் என்று பேர் வருவதைவிட, சமையல்காரன் ஓட்டலில் சாப்பிட்டான் என்று பேர் வருவது மேல் அல்லவா? அவரே உட்கார்ந்து கடைந்தார். 'பட்டறைச் சாமான்' என்று ஒரு மாதம் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ஹாரிகா வண்டியை அணைத்து, போல்ட்டைக் கழற்றினாள். பட்டறைக்குப் போய்ப் பழைய போல்ட்டைத் தேடினாள். சாம்பிளைத் தூக்கி எறிகிற வழக்கம் அங்கே இல்லை. அது ஒரு டப்பாவில் பத்திரமாக இருந்தது. டப்பாவுக்கு மேலே சுவரில் அப்பா தொங்கவிட்ட பலகை: 'சாம்பிள் எப்படியோ சாமான் அப்படி.' எப்போதோ ஒரு வாடிக்கையாளர் தேய்ந்த ஷாஃப்டைக் கொடுத்து, புதிதும் தேய்ந்த அளவிலேயே வந்துவிட்டது என்று சண்டை போட்டாராம். அதற்குப் பிறகு வந்தது அந்தப் பலகை. கொடுத்ததை அச்சு அசலாகக் கடைவது பட்டறை தர்மம். தேய்மானத்தைக் கூட்டிக் கணக்குப் போடுவது கொடுத்தவர் பாடு.

இரண்டு போல்ட்டையும் வெர்னியரில் அளந்தாள். பழையது எங்கே எவ்வளவு தேய்ந்திருந்ததோ, புதியது அங்கே அவ்வளவு மெலிந்திருந்தது. பிசகே இல்லை. தேய்மானத்தை இத்தனை சுத்தமாகக் கடைய இந்த ஜில்லாவில் இன்னொரு கை கிடையாது.

கோபாலசாமி தாம்பூலப் பையோடு வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து இரண்டு போல்ட்டும் கிடந்தன, பக்கத்தில் வெர்னியர். உட்கார்ந்து அளந்தார். முகம் மலர்ந்தது.

"ரெண்டும் ஒண்ணாட்டத்தான இருக்குது? என்ன குறை கண்ட?"

"ஒண்ணாட்டம் இருக்கறதுதானுங்கப்பா குறை. குறுக்கு ராடு முனை ஓட்டைக்குள்ள போல்ட்டு போய்ட்டுப் போய்ட்டு வருது. ஓட்டையும் இப்ப முட்டையாட்டம் ஆயிருச்சு."

அவர் மறுபடியும் அளந்தார். இந்தத் தடவை போல்ட்டின் தேயாத நுனியையும் அளந்தார். கோபம் வந்தால் அவர் வீட்டுத் தெலுங்கில் திட்டுவார். கோமளா அதற்காகக் காத்திருந்தாள். தெலுங்கும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கடைசியில் ஒரு கேள்விதான் வந்தது.

"இது ஆருக்கெல்லாந் தெரியும்?"

"எனக்கும் அம்மாவுக்கும்."

"அம்மாவுக்குன்னா உங்க பெரியம்மாவுக்கும் தெரியும்."

"நான் ஒண்ணும் சொல்லுல" என்றாள் கோமளா. "கண்டுபுடிச்சுட்டான்னு மட்டுந்தான் சொன்னேன். என்னத்தைன்னு கேட்டா. பொறவு சொல்றேன்னேன்."

"பொறவு சொல்லாத."

சிறிது நேரம் மேசையில் விரலால் தாளம் போட்டார். "ஓட்டைய வட்டமாக் கடைஞ்சு உள்ள வளையமா ஒரு புஷ் அடிச்சு, அந்த அளவுக்கு போல்ட் போட்டுர்றேன். சனிக்கிழமைக்குள்ள முடிஞ்சுரும். ஞாயித்துக்கிழமை நான் எடுத்துட்டுப் போறேன்."

"நானுங்கப்பா?"

"போல்ட்டு ஆரு கடையறது? நான். அப்ப ஆரு ஓட்டறது?"

"நியாயந்தானுங்க" என்றாள் ஹாரிகா. சப்ளையரைத் திருப்பி அனுப்பும் அதே குரல். "நீங்களே ஓட்டுங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான். புது போல்ட்டு போட்டும் ஆடிருச்சுன்னு வெச்சுக்குங்க."

"ஆடாது."

"போன போல்ட்டுக்கும் அப்படித்தானுங்களே சொன்னீங்க? நீங்க ஓட்டி ஆடுச்சுன்னா, தம்பிதுரை அங்கிள் அங்கயே வண்டிக்கடியில குனிஞ்சு பாப்பாரு. 'ஏனுங்ணா, இந்த போல்ட்டு பட்டறைச் சாமானுங்களா?'ன்னு மைக்குலயே கேப்பாரு. உங்களுக்கு ஆர்டர் குடுக்கறவங்கள்ல பாதிப்பேரு அங்க நிப்பாங்க."

கோபாலசாமியின் தாளம் நின்றது.

"நான் ஓட்டி ஆடுச்சுன்னா ஒருத்தரும் குனிய மாட்டாங்க. என்ன சொல்வாங்க?"

"புள்ளைக்குக் கை பழகுலேம்பாங்க" என்றார் அவர், தன்னையறியாமல்.

"சொல்லிட்டுப் போகட்டும். எனக்கென்ன பட்டறையா இருக்குது?"

சந்தையில் சாமானை வாங்குகிறவன் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கோபாலசாமியும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எந்தப் பக்கம் புரட்டினாலும் நட்டம் மகளுக்கு, பத்திரம் தனக்கு. இவ்வளவு நல்ல பேரத்தை எதிராளி தானாக ஏன் கொடுக்கிறாள் என்று ஒரு கணம் உறுத்தியது. ஆனால் கிடைத்த பேரத்தை விட்டால் வியாபாரி என்ன வியாபாரி?

"செரி. நீயே ஓட்டு. ஆனா போல்ட்டு சமாச்சாரம் வெளிய ஒரு வார்த்தை போகப்படாது. எப்பவும்."

"ஞாயித்துக்கிழமை ஒருநாளைக்குன்னா 'எப்பவும்' கட்டுப்படியாகாதுங்கப்பா. இனி எல்லாப் பந்தயத்துக்கும் வண்டி எனக்குன்னா யோசிக்கலாம்."

"எந்தக் கூட்டத்துல பொறந்திருக்கான்னு பாரு" என்றார் கோமளாவைப் பார்த்து.

"உங்க கூட்டந்தான்" என்றாள் கோமளா, தட்டை எடுத்து வைத்துக்கொண்டே. பேரம் படிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பல்லடத்தில் நல்ல கூட்டம். மேட்டிலும் சேற்றிலும் ஹாரிகா நிதானமாகப் போனாள். இரண்டு பேருக்குப் பின்னால்தான் இருந்தாள். நீள மண் பாதை வந்ததும் அழுத்தினாள். பாதி தூரத்தில் ஒரு பள்ளம். போன வருஷம் அவள் அப்பாவை ஆட்டிவைத்த அதே பள்ளம். கயிற்றுக்கு வெளியே நின்ற கோபாலசாமி, ஆடினால் சொல்வதற்கு 'என்ன பண்றதுங்க, புள்ளைக்குக் கை பழகுல' என்ற வாக்கியத்தை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தார். ஜீப் இறங்கியது, ஏறியது, கோடு போட்ட மாதிரி நேராகப் போயிற்று. எல்லைக்கம்பத்தை முதலில் தாண்டியது.

வாக்கியம் வாயிலேயே தங்கிவிட்டது.

"ஏனுங்ணா!" தம்பிதுரை மைக்கோடு வந்து அவர் தோளில் தட்டினார். "போன வருசம் நீங்க உக்காந்தப்ப அந்த ஆட்டம் ஆடுன வண்டி, அம்மணி கையில அசையவே இல்லீங்களே! வண்டில ஒரு குறையும் இல்ல போலிருக்குதுங்க!"

கூட்டம் சிரித்தது. கோபாலசாமி வாயைத் திறந்தார். ஓட்டையை வட்டமாக்கியது யார், புஷ் அடித்தது யார், மூச்சு விட இடமில்லாமல் அந்த போல்ட்டைக் கடைந்தது யார் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்டால், அதற்கு முன்னால் அங்கே இருந்தது என்ன போல்ட் என்று தம்பிதுரை கேட்பார்.

"ஆமாங்க" என்றார்.

பக்கத்திலேயே அருண்குமார் என்ற இளவட்டம் ஹாரிகாவிடம் தன் வண்டியும் ஆடுவதாகச் சொல்லி, ஸ்டியரிங்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒப்பந்தத்தை மீறாத ஹாரிகா, "மொதல்ல நல்ல பட்டறையாப் பாத்து வண்டியக் காட்டுங்க" என்றாள். அவனோ அதை விட்டுவிட்டு, அவள் கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று உற்றுப் பார்த்தான். கோபாலசாமி தன் கட்டைவிரலை வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டார்.

கோப்பை, மாலை, கோமளா எல்லோரும் பின்சீட்டில் ஏறினார்கள்.

"வூட்டுக்கு நான் ஓட்டறேன்" என்றார். ஹாரிகா சாவியைக் கொடுத்தாள்.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் முள் அறுபதைத் தாண்டியது. இடது ஓரத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. ரோட்டின் மற்ற இடமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கோபாலசாமி வண்டியை ஓரமாகக் கொண்டுபோய்ச் சரியாக அதில் இறக்கினார். ஸ்டியரிங் கையில் அசையாமல் கிடந்தது. அவர் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேனுங்கப்பா. ஒரு நூல் அசையல."

அடுத்த பள்ளத்திலும் இறக்கினார். பின்னால் கோப்பை உருண்டது.

"ஏனுங்க, கண்ணு தெரியுதுங்களா இல்லீங்களா?" என்று கோமளா கத்தினாள். "நல்ல ரோட்ட வுட்டுப்போட்டு எங்க போறீங்க?"

அடுத்த பள்ளம் கொஞ்ச தூரம் தள்ளி, ரோட்டின் வலப்பக்கம் நடுக்கோட்டை ஒட்டி இருந்தது. கோபாலசாமி கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, முறைப்படி வலப்பக்கம் ஒதுங்கி, அதிலும் இறக்கினார்.