இடது காலுக்குத் தெரிந்த பிரேக்

மரக்கிடங்கில் லாரியிலிருந்து மரத் தடி இறக்கும்போது சங்கிலி நழுவி, உருண்ட தடிக்கு அடியில் அண்ணனின் வலது பாதம் மாட்டிக்கொண்டது. டாக்டர்கள் பாதத்தை எடுக்கவில்லை. ஆனால் கணுக்கால் பூட்டிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் போகாது. வீட்டுக்குள் நடக்கும்போது அந்தக் காலைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வருவான், வர மனசில்லாத ஆட்டை இழுத்து வருகிற மாதிரி. இனி அவனால் தடி தூக்க முடியாது என்று கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். நானும் அங்கேதான் சுமை தூக்குகிறேன். யாரும் அதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை.

மேனேஜர் ஒரு வழி சொன்னார். மாதிரிப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, சுற்றுவட்டாரத்துத் தச்சுப் பட்டறைகளுக்குப் போய் ஆர்டர் எடுத்துவரும் வேலை ஒன்று காலியாக இருந்தது. சொந்த வண்டி வேண்டும். அடுத்த மாதத்து முதல் திங்கட்கிழமை காலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு கேட்டுக்குள் வந்தால் வேலை உனக்கு, வராவிட்டால் கேட்க ஆள் நிற்கிறது என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் அந்த அளவுக்குச் செய்ததே பெரிது.

வண்டி இருந்தது. இரட்டைச் சிலிண்டர் பைக், இரண்டு கார்புரேட்டர், அந்தக் காலத்து வண்டி. அண்ணன் கல்யாணத்துக்கு முன்னாலேயே வாங்கியது. அதனால் அண்ணி அதை ‘மூத்தவள்’ என்பாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் துணியும் வாளியுமாக இறங்கினால், “மூத்தவள் குளிச்சாச்சா? இளையவளுக்கும் கொஞ்சம் வெந்நீர் மிச்சம் வைக்கச் சொல்லுங்க” என்று உள்ளேயிருந்து குரல் வரும். கால் நசுங்கிய பிறகு மூத்தவள் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்தாள்.

சிக்கல் என்னவென்றால், அந்த வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கியரை மேலே தள்ள முன்பாதம் எழும்ப வேண்டும். அண்ணனின் வலது பாதம் எழும்பாது. வேறு வண்டி வாங்க எங்களுக்கு வக்கில்லை.

கோந்துவைக் கூட்டிவந்தேன். அவன் மெக்கானிக். ஒரு வேலையில் ஒட்டினால் பிரிக்க முடியாது என்பதால் அந்தப் பெயர். அண்ணனும் அவனும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். கோந்து வண்டியைச் சுற்றி வந்தான், குந்தினான், அண்ணனின் இரண்டு கால்களையும் ஒரு பார்வை பார்த்தான். பழைய கியர்பாக்ஸைத் தூக்கிவிட்டு, கியர் மிதி இடது பக்கம் வருகிற புதுமாடல் பாக்ஸை ஏற்றலாம் என்றான். நாலு கியருக்கு ஐந்து கியர் கிடைக்கும், சுமையோடு மேடும் ஏறும். இடது பக்கத்து பிரேக் மிதியை எடுத்துவிட வேண்டும். பின் சக்கர பிரேக்கை கேபிள் போட்டு இடது கைப்பிடிக்குக் கொண்டுவந்து, கிளட்சுக்குக் கீழே இன்னொரு பிடியாக வைத்துவிடலாம். வலது காலுக்கு வேலையே கிடையாது, சும்மா உட்கார்ந்து வரட்டும் என்றான்.

“வண்டிக்குக் காலை மாத்துறீங்க. அதே கையோட இவருக்கும் ஒண்ணு மாத்திடுங்கண்ணே” என்றாள் அண்ணி.

“ஸ்பேர் கிடைக்கலையே தங்கச்சி” என்றான் கோந்து.

கார்புரேட்டர்களைக் கழற்றியபோது உள்ளே பெட்ரோல் காய்ந்து பிசினாகப் படிந்திருந்தது. பெட்ரோல் வரும் ஜெட் துளையில் வெளிச்சமே தெரியவில்லை. ஊறவைத்துக் கழுவி, காற்றடித்து, தேய்ந்த ஸ்லைடுகளைத் தூக்கிப்போட்டு வேறு போட்டான். சுமைக்காக ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கினான். பிறகு இரண்டையும் ஒத்துப்போக வைக்கும் வேலை. ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் திறந்தால் வண்டி உதறும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகி, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் மாற்றி மாற்றிப் பிடித்து, திருகை முடியளவு திருப்பினான். இரண்டு சைலன்சருக்குப் பின்னாலும் உள்ளங்கையை வைத்து மூச்சு சமமாக வருகிறதா என்று பார்த்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டால்தான் குடித்தனம் என்றான். கல்யாணமே ஆகாதவருக்கு எவ்வளவு தெரிகிறது பாருங்கள் என்று அண்ணி சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். கால் போன பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கியர்பாக்ஸ்தான் உயிரை எடுத்தது. காயலான் கடையில் கிடைத்தது. அதன் போல்ட் மாட்டும் காதுகள் எங்கள் வண்டிச் சட்டத்தில் உட்காரவில்லை. தகடு வெட்டி, துளை போட்டு, செயின் நேர்க்கோட்டில் வருகிறதா என்று நூல் பிடித்து, திரும்பக் கழற்றி, திரும்ப மாட்டினோம். தூக்கிப் பிடிப்பது என் வேலை. கிடங்கில் பகலெல்லாம் தூக்கிவிட்டு வந்து இங்கேயும் தூக்கினேன். கடைசியில் அது உட்கார்ந்தபோது, சத்தமே இல்லாமல் கியர் விழுந்தது. கோந்து கையைத் துடைத்துக்கொண்டு பேசாமல் நின்றான். நல்ல வேலை என்று அவனே சொல்லிக்கொள்ள மாட்டான். அப்படி நின்றால் நல்ல வேலை என்று அர்த்தம்.

ஆனால் வண்டியை உடனே அண்ணன் கையில் கொடுக்கவில்லை. மிதி மாற்றிய எந்த வண்டியையும் கோந்து சும்மா கொடுப்பதில்லை. அவனுக்கு ஒரு முறை உண்டு. ஓட்டுகிறவனுக்குத் தெரியாமல் ஒரு மூலையிலிருந்து காலி டிரம்மைக் குறுக்கே உருட்டிவிடுவான். யோசிக்க நேரமில்லாதபோது எந்தக் கால் எங்கே போகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு. கிடங்கு மூடியிருந்தது. மேனேஜரிடம் சாவி வாங்கிப் பின்முற்றத்தைத் திறந்தோம். ஆள் உயரத்துக்கும் மேலாகப் பலகை அடுக்குகள், நடுவே சந்து சந்தாக வழி. அண்ணன் வண்டியை எடுத்தான். எடுத்த எடுப்பில் அழகாக ஓட்டினான். கிளட்சைப் பிடிப்பதும் இடது காலால் கியர் போடுவதும் பிறந்ததிலிருந்து பழகினவன் மாதிரி. நான் மேனேஜரிடம் ஓடிப்போய் வந்து பாருங்கள் என்று சொல்லலாமா என்று நினைத்தேன்.

முதல் டிரம் உருண்டது. அண்ணனின் இடது கால் ஓங்கி மிதித்தது, பழைய பிரேக் இருந்த இடத்தில். அங்கே இப்போது கியர். ஒரு கியர் கீழே விழுந்து இன்ஜின் அலறியது, பின் சக்கரம் வெட்டி இழுத்தது, வண்டி நிற்காமல் போய் டிரம்மை இடித்தது. கை பிரேக்கை அவன் தொடவே இல்லை.

மறுபடி உருட்டினோம். மறுபடி மிதித்தான். மெதுவாக வந்தபோது கை பிரேக்குக்குப் போனது. வேகமாக வந்தால் கால்தான் போனது. கோந்து டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டான். இந்தக் கால் இத்தனை வருஷம் பிரேக் மிதித்த கால், ஒரே நாளில் மறக்காது, தரமாட்டேன் என்றான். பழையபடி இடது காலுக்கே பிரேக்கைக் கொடுத்து, கியரைக் கைக்குக் கொண்டுவருகிறேன், இன்னும் சில வாரம் ஆகும் என்றான்.

“நாளைக்குத் திங்கட்கிழமைடா” என்றான் அண்ணன். “டிரம்முனு தெரிஞ்சதால கால் விளையாடுது. ஆளா இருந்தா கை தானா போகும்.”

அண்ணி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து அடுக்கின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கவனித்தது அப்போதுதான். பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“இன்னும் ஒரு தடவை பார்க்கட்டும்ணே. கடைசி” என்றாள் கோந்துவிடம். “நீங்க போய் அவர் கண்ணுல படுற மாதிரி நில்லுங்க. டிரம்மை நான் பார்த்துக்கறேன்.”

கோந்து எங்கே நிற்கிறான் என்று தெரிந்தால் டிரம் அங்கிருந்து வரும் என்று அண்ணன் நினைப்பான். அதற்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டோம். நல்ல யோசனை என்றுகூட நான் நினைத்தேன். அவள் கடைசிச் சந்துக்குப் போய் டிரம்மின் பின்னால் நின்றாள். அண்ணன் வண்டியைத் தூரத்திலிருந்து எடுத்தான். இரண்டு சிலிண்டரும் ஒரே குரலில் வந்தன. மூன்றாவது கியர் போட்டது கேட்டது. டிரம் உருளவில்லை. அண்ணி டிரம்மை விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தானே வழியின் நடுவே வந்து நின்றாள்.

இடது கால்தான் போனது. பார்த்தேன். இன்ஜின் அலறியது. அப்புறம் அண்ணன் கைப்பிடியை ஒரே வெட்டாக வெட்டி வண்டியைப் படுக்கப் போட்டான். கைப்பிடி முனை அண்ணியின் இடுப்பை உரசிக்கொண்டு போனது. வண்டி பலகை அடுக்கில் போய் முட்டியது. நாங்கள் தூக்கி வைத்த அந்தக் கியர்பாக்ஸ், அவனுடைய நல்ல காலின் மேல் இருந்தது.

இன்ஜின் நிற்கவில்லை. படுத்த வாக்கிலும் கொஞ்ச நேரம் ஓடியது, ஒரு தட்டல் இல்லாமல், சீராக. கோந்து பாதி குனிந்தவன் அப்படியே நின்று அதைக் கேட்டான். வேண்டுமென்று கேட்கவில்லை, அவன் காதுக்கு அது பழக்கம்.

“அதை நிறுத்துடா” என்றான் அண்ணன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திட்டத்தான் வாயெடுத்தேன். உனக்கு என்ன பைத்தியமா என்று கேட்டது பாதியில் நின்றுவிட்டது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அவர் எப்படியும் நாளைக்கு எடுத்துட்டுப் போயிருப்பார். நீயும் தடுத்திருக்க மாட்டே. ரோட்டுல எவளோ ஒருத்தி குறுக்க வருவா. அது நானா இருக்கட்டும்னுதான் நின்னேன்.”

கொஞ்சம் கழித்து, “கை போகும்னுதான் நானும் நெனச்சேன்” என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியதில்லை.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் கேட்டில் நின்றார். வண்டியில் போய் இறங்கியது நான். மிதி மட்டும் வளைந்திருந்தது, கோந்து ராத்திரியே சூடுகாட்டி நிமிர்த்திக் கொடுத்தான். வேறு எதுவும் ஆகவில்லை. பழைய மிதியில் நான் ஓட்டியதே இல்லை. என் கால் மறக்க வேண்டியது ஒன்றும் இல்லை. விடியும் முன்னே டிரம் உருட்டியபோது முதல் தடவையிலேயே என் கை பிடித்தது. கோந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

இப்போது அந்த வேலையை நான்தான் பார்க்கிறேன். வீட்டுக்கு வருமானம் அதிலிருந்துதான். அண்ணன் ஜன்னல் ஓரக் கட்டிலில் கிடக்கிறான். எலும்பு கூடிவிடும், ஆனால் பாரம் தாங்காது என்கிறார்கள். சாயங்காலம் நான் தெரு முனையில் திரும்பும்போதே அவனுக்குக் கேட்டுவிடும். உள்ளே நுழைந்தால், வலது சிலிண்டர் கொஞ்சம் பட்டினி கிடக்குது, கோந்துவைத் திருகைப் பார்க்கச் சொல்லு என்பான். பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

பிறகு தினமும் ஒரே கேள்வி.

“இன்னைக்கு எங்கயாச்சும் திடீர்னு பிரேக் பிடிக்க வேண்டி வந்ததா?”

இல்லை என்றுதான் சொல்வது. நேற்று மட்டும் வாய் தவறி, ஒரு சைக்கிள்காரன் சந்திலிருந்து பாய்ந்து வந்ததைச் சொல்லிவிட்டேன். அண்ணி தண்ணீர் டம்ளரோடு வாசற்படியிலேயே நின்றாள். நான் சொல்லி முடிப்பதற்குள், போர்வைக்கு அடியில் மாவுக்கட்டுப் போட்ட இடது கால் கட்டிலை ஓங்கி அழுத்தியது. வலியில் அண்ணனின் முகம் கோணியது.

“சொல்லு” என்றான். “அப்புறம் நின்னுதா?”

நின்றது என்றேன்.