ஒபீஸ் வேலை

லண்டன் குட்மேய்ஸில் இருக்கும் சொந்தக்காரர் எல்லோருக்கும் சந்திரவதனா ஒபீசில் வேலை செய்பவள். உண்மையில் ஆறு வருடமாக அவள் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர் கிழவிகளைக் குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, தேநீர் பருக்கிக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்தில் அரசாங்க கிளாக்காக மேசையில் இருந்தவள் இங்கே வந்து மலசலம் அள்ளுகிறாள் என்று ஒருத்தரும் கதைக்கக்கூடாது. அதற்குச் சொன்ன பொய் பிறகு விட முடியாமல் ஒட்டிக்கொண்டது.

அது 2005. மகள் கம்சிகாவுக்கு மருத்துவம் படிக்க வேண்டும். ஒக்டோபர் பதினைந்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும். "வருத்தக்காரரோட, நோயாளியளோட பழகின அனுபவம் எழுதாட்டி திரும்பியும் பாக்க மாட்டினமாம்," என்று ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தால் வந்து சொன்னாள். புள்ளிகளுக்குக் குறைவில்லை. ஆஸ்பத்திரி வாசலைத் திறந்துவிடத்தான் ஆள் இல்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கம்சிகாவோடு படித்த ரவீனின் அப்பா இளங்கோவன் பெரிய டொக்டர். மலேசியாவில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். சந்திரவதனா ஒரு டப்பா நிறையப் பயித்தம் பணியாரம் சுட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். டொக்டர் இல்லை, மனைவி மனோரமாதான் இருந்தாள்.

"ரவீனை அவங்க அப்பா வார்டிலேயே ரெண்டு வாரம் போட்டாச்சு. கம்சிகாவை இவருக்கு ஒரு ஈமெயில் அனுப்பச் சொல்லுங்க," என்றாள் மனோரமா. "ஆமா, நீங்க எங்க வேலை செய்றீங்க?"

"ஒபீசில."

மூன்று ஈமெயில் போனது. ஒன்றுக்கும் பதில் இல்லை. பணியாரம் மட்டும் நன்றாக இருந்ததாம், வேறு யாரோ வந்து சொன்னார்கள். சந்திரவதனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, நான் உங்கட இடத்துக்கே வாறனே," என்றாள் கம்சிகா.

"கழுவித் துடைக்கவே உன்னைப் பெத்தனான்?"

"நீங்கள் செய்யிறதுதானே. அவையும் வருத்தக்காரர்தானே அம்மா."

அடுத்த நாளே சந்திரவதனா இல்லத்து மேலாளர் மெற்றில்டாவிடம் போய்க் கேட்டாள். ஜூலையில் இருந்து ஒவ்வொரு சனி ஞாயிறும் தாயும் மகளும் ஒரே பஸ்ஸில் போனார்கள். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு எவ்வளவு ஊட்டுவது, பேச்சு இழந்தவருக்கு நோகிறது என்று முகத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாவற்றையும் தாய்தான் காட்டிக்கொடுத்தாள். அவளுக்கே தெரியாது, தனக்கு இவ்வளவு தெரியும் என்று.

டிசம்பரில் மருத்துவக் கல்லூரியில் இருந்து நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. கம்சிகா அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"ஆர் பழக்கினது எண்டு கேட்டால் என்ன சொல்லுறது? அம்மா ஒபீஸ் எண்டோ?"

சந்திரவதனா கடிதத்தை வாங்கி மடித்து உறைக்குள் வைத்தாள்.

அந்தக் கிழமை தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா. மண்டபத்தில் பாதிப்பேர் சொந்தக்காரர். மனோரமா சிரித்துக்கொண்டு வந்தாள். "கம்சிகாவுக்கும் இன்டர்வியூவாமே. அனுபவத்துக்கு எந்த ஆஸ்பத்திரியில இடம் கிடைச்சது?"

பக்கத்தில் இருந்த மச்சாள் காதைத் தீட்டிக்கொண்டாள். சந்திரவதனா மகளைக் கையைப் பிடித்துத் தன்னருகே இழுத்தாள்.

"ஆஸ்பத்திரி இல்லை. நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில. ஆறு வருசமா அங்கதான் ஆக்களைக் குளிக்கவாக்கிறன். பிள்ளைக்கு நான்தான் பழக்கினனான்."

"அப்ப ஒபீஸ்?" என்றாள் மச்சாள்.

"அது பொய்."

முகம் தீயாகச் சுட்டது. ஆனாலும் தலையைக் குனியவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டனிதானே? இன்டர்வியூவிலயும் இப்பிடியே சொல்லு."