அடைபட்ட துளைகள்

ஹில்டா கடப்பாரையை ஓங்கி இறக்கினாள். ணங்! தடுப்புச்சுவரின் துளையை அடைத்திருந்த சிமெண்ட் நகக்கண் அளவுக்குத்தான் பெயர்ந்தது.

மேலே பச்சைமலைச் சரிவு. காலையிலிருந்து விடாத மழையில் செம்மண் கரைந்து, சுவரின் தலையைத் தாண்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. சுவர் நடுவில் வயிறு தள்ளிவிட்டது. அதன் காலடியில் ஒரு தகரக் கொட்டகை. வாசலை இடுப்பளவு சேறு அடைத்திருந்தது. உள்ளே, காலில் மாவுக்கட்டோடு ரவி.

"சீக்கிரம் இடி மேடம்! எம்புருசன் உள்ள மாட்டிகினு கீறாரு!" அன்னக்கூடையால் சேற்றை வாரிக்கொண்டே அலறினாள் ரோஸி. அபார்ட்மெண்ட் முழுக்க இஸ்திரி போடுபவள்.

"விடு ஹில்டா. ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லியாச்சு," என்றான் ஹில்டாவின் கணவன் ஜேசன். காரை எதிர்ப்புறம் பத்திரமாக நகர்த்திவிட்டுக் குடையோடு வந்திருந்தான்.

"அவங்க வர்றதுக்குள்ள சுவரே வந்துடும்! மண்ணுக்குள்ள போன தண்ணி வெளிய வரத்தான் இந்தத் துளை. அடைச்சா, அத்தனை தண்ணியும் சுவரைத்தான் தள்ளும்."

அவள் பார்வை குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராஜகோபாலன் மேல் பாய்ந்தது. "சரிவுல வெட்டிவேர்ப் புல்லு நட்டேன் சார். வேர் ஆள் உயரத்துக்கு இறங்கி மண்ணைப் பிடிச்சுக்கும்னு மீட்டிங்ல தொண்டை கிழியக் கத்தினேன். பாம்பு வரும்னு மொத்தத்தையும் புடுங்கிப் போட்டீங்களே!"

"வந்துச்சே மேடம்! ஜான்சி வீட்டு பால்கனியில..."

"அது ஓணான்!" ணங்!

"பாம்பு வந்தா அட்சிப் போட்லாம்," ரோஸி திரும்பாமலே சீறினாள். "மலை வந்தா இன்னா சார் பண்ணுவே?"

"புல்லைப் புடுங்கினது பத்தாதுன்னு துளையையும் பூசிட்டீங்க," என்றாள் ஹில்டா. "செம்மண் தண்ணி வடிஞ்சு பார்க்கிங் டைல்ஸ் கறையாகுதா? ஒரு மனுஷன் உயிரைவிட டைல்ஸ் பெருசா?"

"புல்லு நாங்கதான், ஒத்துக்கறேன். சத்தியமா துளை நாங்க இல்ல!"

"பின்ன, மலையே இறங்கி வந்து பூசிக்கிச்சா?"

ஜேசன் கடப்பாரையைப் பிடித்தான். "போதும், குடு. நான் பார்த்துக்கறேன்."

"தள்ளு!" முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு, மொத்தக் கோபத்தையும் கையில் திரட்டி இறக்கினாள்.

சிமெண்ட் பிளந்தது. உள்ளே ஒரு துணிப்பந்து. கடப்பாரை நுனியில் குத்தி இழுத்தாள். செம்மண் தண்ணீர் பீறிட்டு அவள் நெஞ்சில் அறைந்தது.

பக்கத்து ஃப்ளாட் உமேஷ் இன்னொரு கடப்பாரையோடு ஓடிவந்து மற்ற துளைகளை உடைத்தான். சுவர் பெருமூச்சு விட்டதுபோல் எல்லாத் துளையிலும் தண்ணீர் கொட்டியது. வயிறு அதற்குமேல் தள்ளவில்லை. எல்லோரும் சேர்ந்து சேற்றை வாரியதில் வாசல் திறந்தது. ரவியைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தார்கள். புருஷன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோஸி அழுதாள்.

"இனியாவது சொல்லுங்க சார், எவன் அடைச்சது?" ஹில்டாவின் கோபம் மட்டும் வடியவில்லை.

ராஜகோபாலன் கடப்பாரையின் நுனியைப் பார்த்தார். துணி இன்னும் அதில் தொங்கியது. மழை சேற்றைக் கழுவக் கழுவ, மஞ்சள் தெரிந்தது. சர்ச்சில், விடுமுறை வேதாகமப் பள்ளியில் கொடுத்த டீ-ஷர்ட். காலருக்குள் மார்க்கர் எழுத்து: கெசியா.

எழுதியது ஹில்டா. மகளுக்குச் சின்னதாகிப்போன அதை, சுவரோரம் நிறுத்தும் புது வெள்ளைக் காரின் செம்மண் கறையைத் துடைக்கச் சொல்லி, போன மாதம் ஜேசன் கையில் கொடுத்ததும் அவள்தான்.