புதுப்பாட்டு வியாழன்

"கறுப்புத் தட்டு வேண்டாங்க. உருகி ஓடிச்சுன்னா எலும்பெல்லாம் கறுத்துப் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே, சவப்பெட்டிக்குள்ளிருந்து நான்காவது இசைத்தட்டையும் வெளியே எடுத்தாள் செகி. ஈமச்சடங்கு நிறுவனத்திலிருந்து வந்திருந்த நடுவயதுப் பெண். குரலை உயர்த்தாமலே காரியத்தைச் சாதிப்பவள். "அட்டை மட்டும்னா வைக்கலாம். காகிதம்தானே."

கிதாமி-சானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், இந்தக் கடையின் பழைய வாடிக்கையாளர். விடிந்ததும் தன் வீட்டுத் தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு மேடேறி வந்திருந்தார்.

"அட்டைய மட்டும் அனுப்பினா மாஸ்டர் அங்க போயி என்னத்தப் போடுவாரு? தடவிப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணுமா?"

"அங்க அவருக்குப் புதுசு புதுசா கெடைக்கும். உங்க கீறல் விழுந்த தட்டு எதுக்கு?" என்றாள் ஓஷிமா-சான். கீழ்த்தெருவில் முடி திருத்தும் கடை வைத்திருப்பவள். நேற்று மாலை மாஸ்டருக்குச் சவரம் செய்து தலைவாரி விட்டவளும் அவள்தான். நேற்றெல்லாம் அழுது முடித்துவிட்டதால் இன்றைக்குச் சண்டை போடத் தெம்பு இருந்தது.

மாஸ்டரின் மகள் இகுமி, தட்டுகளை ஒவ்வொன்றாக உருவி, அட்டைகளை அப்பாவின் முழங்கையோரம் செருகினாள். உடுப்புக் கழற்றிய தட்டுகள் காபி மேடைமேல் பளபளத்துக்கொண்டு கிடந்தன. அப்பா பார்த்திருந்தால் பதறியிருப்பார். தூசி படும்.

மாடிப்படி குறுகல் என்பதால் பெட்டியைக் கடைக்குள்ளேயே வைக்கும்படி ஆயிற்று. நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, ஆளுயர ஒலிபெருக்கிகள் இரண்டுக்கும் நடுவில் அப்பா படுத்திருந்தார். அவர் நடத்திய 'நங்கூரம்' காபிக் கடையில் அதுதான் நல்ல இடம். யாருக்கும் முன்பதிவு செய்து தரமாட்டார். வெளியே துறைமுகத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து சன்னலை அடைத்திருந்தது. ஜூலையில் ஹகோதாதே அப்படித்தான். பத்து மணிக்குச் சவ வண்டி வரும்.

சமையலறையில் அம்மா தொலைபேசியில் யாருக்கோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். செந்தாய் நகரத்தில் இருக்கும் மாமாதான்.

"எங்க ஊர்ல மொதல்ல எரிச்சுட்டுத்தான்டா அஞ்சலி வைப்போம். சாயங்காலம் வந்தா அஸ்திதான் இருக்கும்... நாங்க என்ன காட்டுமிராண்டியா? ஒன் அக்கா இங்க வாக்கப்பட்டு நாப்பத்தி ரெண்டு வருஷமாச்சு, இன்னுமா ஒனக்குத் தெரியாது?... மொகம் பாக்கணும்னா நேத்தே கெளம்பியிருக்கணும்."

செகி இகுமியிடம் வந்து குனிந்தாள். "பெட்டி வாசல் தாண்டறப்ப ஒரு பாட்டுப் போடலாம். அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சது ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

கடையில் இருந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மற்ற வீடுகளில் இதற்குப் பதில் சொல்ல ஒரு நொடி ஆகாது. செத்தவர் குடித்துவிட்டுப் பாடும் பாட்டு ஒன்று எந்தக் குடும்பத்திலும் இருக்கும். அப்பா தொகாஷி ஷூகோ, வாழ்நாள் முழுக்க ஒலிபெருக்கிக்கு எதிரே உட்கார்ந்திருந்த மனிதர், இது எனக்குப் பிடிக்கும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

வியாழக்கிழமைதோறும் மதியம் இரண்டு மணிக்கு அவர் கதவில் 'பேசக் கூடாது' என்ற பலகையை மாட்டுவார். அந்த வாரம் பல நாடுகளிலிருந்து புதுப் பாட்டுகளோடு தபாலில் வந்த உறைகள் மேடைமேல் இருக்கும். தானும் முன்கூட்டிக் கேட்டிருக்க மாட்டார். எல்லார் கண்ணெதிரிலும் கத்தரியால் உறையை வெட்டி, ஊசியை வைத்துவிட்டு, தன் காபியோடு உட்கார்ந்துவிடுவார். அரங்கம் நிறையப் பாடுகிற பெரிய குழுவும் வரும், உலான்பாத்தரில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கைப்பேசியில் பதிவு செய்த பையனும் வருவான். மாலி நாட்டுக் கிழவர் ஒருவரின் தந்தி வாத்தியம், பெரு நாட்டில் பேருந்து நிலையத்துக்கு எதிரே குடியிருக்கும் இரண்டு சகோதரிகள், ஐஸ்லாந்தில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒருவன். பெயர் பெற்றவருக்கும் பெயரே இல்லாதவருக்கும் அந்தக் கடையில் ஒரே நாற்காலிதான். பாட்டு எவ்வளவு மோசமானாலும் நடுவில் நிறுத்தமாட்டார். முடிந்ததும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "கேட்டாச்சு. அடுத்தது" என்பார்.

"அந்த ஆப்பிரிக்காக்காரி பாட்டுதான் மாஸ்டருக்கு உசுரு" என்றார் கிதாமி-சான். "அன்னிக்கு அவர் கால் ஆடிச்சு. நான் பாத்தேன்."

"கால் மரத்துப் போயிருக்கும்" என்றாள் ஓஷிமா-சான். "அவருக்குப் பிடிச்சது அந்தப் பியானோ. கண்ணு கலங்கிட்டார்."

"அன்னிக்கு வெங்காயம் அரிஞ்சிக்கிட்டு இருந்தாங்க உள்ள!"

"நீங்க பாட்டைக் கேட்டீங்களா, அவரோட காலைப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

இகுமி மேடையைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அவளுக்கும் அதே கேள்விதான். அவர்களைவிட அவளுக்கு அது அவசரமான கேள்வி.

உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் வருஷத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, சீருடை போட்டுக்கொண்டு வாசல்வரை போனவள் செருப்பைப் போடாமல் திரும்பி மாடியேறிவிட்டாள். அதற்குப் பிறகு போகவே இல்லை. அம்மா அழுதாள், ஆசிரியை வந்தாள், போனாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. இகுமியின் அறை ஒலிபெருக்கிக்கு நேர் மேலே. பகல் முழுக்கப் பாயில் படுத்திருப்பாள். தரைப்பலகை வழியாக உலகம் முதுகில் வந்து மோதும். எந்த ஊர், என்ன மொழி என்று தெரியாது. விலா எலும்பில் அதிர்கிற முரசை வைத்து இது புதுசு என்று தெரிந்துகொள்வாள். அவள் கீழே இறங்கி வரத் தொடங்கியதே ஒரு பாட்டின் பெயரைக் கேட்கத்தான். அப்பா உறையை எடுத்து நீட்டினார். அவ்வளவுதான். மறுநாள் முதல் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவ ஆரம்பித்தாள்.

இருபத்து நான்காவது வயதில், யாருக்கும் தெரியாமல், படுக்கை வைக்கும் சுவரலமாரிக்குள் உட்கார்ந்து ஆறு பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்தாள். மடித்த மெத்தைகள் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கேசட்டில் ஏற்றி, 'வடக்குச் சன்னல்' என்று ஒரு பொய்ப் பெயரை எழுதி, ரயிலேறி ஜலசந்தியைக் கடந்து ஆவோமோரி போய், அஞ்சல் முத்திரை காட்டிக்கொடுக்காதபடி அங்கிருந்து நங்கூரத்துக்குத் தபாலில் அனுப்பினாள். தனியாக அவள் போன ஒரே பயணம் அது.

அந்த வியாழக்கிழமை சமையலறையில் நின்றுகொண்டு, சாப்பாட்டுத் தட்டு நீட்டும் திறப்பு வழியாக அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு பாட்டும் ஓடி முடிந்தன. முதலில் வாய் திறந்தது கிதாமி-சான்தான்.

"பாவம், இந்தப் பொண்ணுக்கு ஜலதோஷம் போலிருக்கு. ஒரு கைக்குட்டை அனுப்பி வைங்க மாஸ்டர்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அப்பா காத்திருந்தார். "கேட்டாச்சு. அடுத்தது."

அடுத்தது சிலி நாட்டு முரசுகள். இகுமிக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன்பிறகு அவள் பாடவில்லை.

அது பிடித்ததா என்று அப்பாவிடம் கேட்டிருக்கலாம். தினமும் அவர் எதிரில்தான் சாப்பிட்டாள். சோயாச் சாற்றை நீட்டும்போது, கடையைப் பூட்டும்போது, மருத்துவமனையில் கால் பிடித்து விட்டபோது — கேட்க எத்தனையோ நேரம் இருந்தது. இன்றைக்கு இல்லை.

"இன்னுமா முடிவாகல?" அம்மா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்தபடி வந்தாள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு கொக்கியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பனிக்குள் வண்டிக் கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. அப்பா தபால் எடுத்துவரப் போகும் பழைய சின்ன வண்டி.

திரும்பி வந்தவள் ஒரு கேசட்டை செகியின் கையில் வைத்தாள்.

"வண்டியில இதுதான் இருந்தது. போடுங்க. இவங்க சண்டையாவது ஓயும்."

மேல்தாளில் எழுத்து எதுவும் இல்லை. விரல் பட்டுப் பட்டு அழிந்து, நீல மையின் சாயம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஆனால் ஓரத்தில் ஒரு மூலை கோணலாக வெட்டப்பட்டிருந்தது. தாளை அளவுக்கு வெட்டியபோது கத்தரி வழுக்கியதால் அப்படி ஆனது. வெட்டியவளுக்கு அது தெரியாதா?

"அம்மா" என்றாள் இகுமி.

"என்ன?"

செகி இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் சவ வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இப்போது 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆப்பிரிக்காக்காரியோ பியானோவோ ஏதோ ஒன்று வாசல்வரை அப்பாவோடு போகும்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

மூடியை மூடினார்கள். வெளியே காத்திருந்த அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து ஆறு ஆண்கள் பெட்டியைத் தூக்கினார்கள். கிதாமி-சான் தலைமாட்டில் பிடித்துக்கொண்டார். செகி பொத்தானை அழுத்தினாள்.

முதலில் காற்றுப்போல ஓர் இரைச்சல். அது நீண்டுகொண்டே போனது. கேசட் கெட்டுவிட்டது என்றுதான் இகுமி நினைத்தாள். பிறகு குரல் வந்தது. ஆழத்திலிருந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல. கூர்மையெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. மூன்றாவது வரியில் சுருதி மெல்லத் தொய்ந்து மறுபடி எழுந்தது. அவள் அப்படிப் பாடவில்லை. நாடா இழுபட்டிருந்தது. பதிவு செய்த புதிதில் எப்படி ஒலித்தது என்று இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். எத்தனை தடவை ஓடினால் ஒரு நாடா இப்படி ஆகும் என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

கிதாமி-சான் பெட்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"ஏய்... இது அந்த ஜலதோஷப் பொண்ணு."

"நடங்க" என்றாள் ஓஷிமா-சான்.

"இல்ல, இவ அப்பவே நல்லாத்தான் பாடினா. நான்தான் சும்மா..."

"நடங்கன்னேன். கனம் தாங்கல அவங்களுக்கு."

நடந்தார்கள். குரல் அவர்களோடு வாசல்வரை வந்தது. சவ வண்டி புறப்படும் அடையாளமாக நீளமாக ஒருமுறை ஒலியெழுப்பியது. அதில் மிச்சப் பாட்டு அமுங்கிப் போயிற்று.

தகனக் கூடத்தின் காத்திருக்கும் அறையில் அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் சன்னலோரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா சோற்று உருண்டையின் கடற்பாசித் தாளைப் பிரித்து இகுமியிடம் நீட்டினாள்.

"சாப்பிடு. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

இகுமி வாங்கிக்கொண்டாள். கடிக்கவில்லை.

"அந்தக் கேசட்டுல" என்றாள் அம்மா, அடுத்த உருண்டையைப் பிரித்துக்கொண்டே, "ரெண்டாவது பாட்டு முடியறப்ப ஒரு சத்தம் வரும். கீ...ர்ச்சுன்னு. வண்டியில போறப்பல்லாம் கேக்கும்."

இகுமி நிமிர்ந்தாள்.

"மாடியில இருக்கற அலமாரிக் கதவு. எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா நான் தள்ளற கதவு." அம்மா உருண்டையில் கண்ணை வைத்திருந்தாள். "மழைக்காலத்துல சிக்கிக்கிட்டு நகரவே நகராது. கதவு ஓடற காடியில கொஞ்சம் மெழுகு தேச்சா சரியாப் போயிடும்னு உங்கப்பாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஆணி அடிக்கச் சொன்னா அடிப்பாரு, குழாய் மாத்தச் சொன்னா மாத்துவாரு. இதுக்கு மட்டும், 'அது அப்படியே இருக்கட்டும்'னுட்டாரு. நானே தேச்சுக்கறேன்னு மெழுகோட போனேன். என் கையிலேருந்து புடுங்கி வெச்சுட்டாரு. ஒரு மெழுகுவத்திக்கு அவ்வளவு கோவம்."

சன்னலோரம் யாரோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"நீ சாப்பிடு" என்றாள் அம்மா.

இகுமி கடித்தாள். உப்பு கூடுதலாக இருந்தது. மென்று விழுங்கி, மறுபடி கடித்தாள்.

தகனம் முடிந்து அழைத்தார்கள். வெண்மையான தட்டின் இரண்டு பக்கமும் நின்று, எல்லாரும் இரண்டிரண்டு பேராகக் குச்சிகளால் எலும்புகளைப் பொறுக்கி அஸ்திக் கலயத்தில் இட்டார்கள். காலில் தொடங்கி மேலே வந்தார்கள். கிதாமி-சானின் குச்சிகள் நழுவியதால் ஓஷிமா-சான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பிடித்தாள். வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் மெதுவான குரலில் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டு வந்தார். இது முழங்கால். இது தோள். தலைப்பகுதி கடைசியில், குடும்பத்தாருக்கு.

"இது காதுப் பக்கத்து எலும்பு" என்றார். விரல்நுனி அளவுதான் இருந்தது. "சின்னதா இருந்தாலும் இதுதான் ரொம்பக் கெட்டி. பெரும்பாலும் முழுசாவே கெடைக்கும்."

அம்மா குச்சிகளை நீட்டப் போனாள். பிறகு கையைத் தாழ்த்திக்கொண்டு, இகுமிக்காகக் காத்திருந்தாள்.

இகுமி தன் குச்சிகளால் அதைப் பற்றினாள். மறுபக்கம் அம்மா தாங்கிக்கொண்டாள். இருவரும் மூச்சு விடாமல், அந்தச் சின்ன எலும்பைக் கலயத்தின் வாய்வரை கொண்டுபோய், சத்தமில்லாமல் இறக்கி வைத்தார்கள்.