வாணி வீட்டுக் கூரைமேல் ஏறிய கொடி

வாணிக்கு நான் இருநூற்று அறுபது ரிங்கிட் தர வேண்டியிருந்தது. கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி அவள். அவள் வீட்டு முன்கூரைத் தகரத்தை என் ரங்கூன் மல்லிக் கொடி ஒரு மழையில் இழுத்துச் சாய்த்துவிட்டது.

கொடியை ஆசைக்காக நடவில்லை. கோவிட் வந்து போனபின் என் மனைவி வீரம்மாவுக்கு வாசனை தெரியாமல் போயிற்று. தேங்காய்ப்பால் புளித்தது தெரியாமல் ஒருநாள் தன் தெருக்கடையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டி விற்றுவிட்டாள். வாங்கியவர்கள் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றோடு அவள் கடை போடவில்லை. வாசமுள்ளதைத் தினமும் முகர்ந்து பழகச் சொன்னார் டாக்டர். நர்சரிக்காரர் இந்தக் கொடியைக் காட்டி, "ஹனிசக்கிள் பூ மாதிரி அங்கிள். சாயங்காலம் வீடே மணக்கும்" என்றார்.

முன்பு பந்திங் தோட்டத்தில் செம்பனை மரங்களுக்கு உரம் போட்ட கை என் கை. அதே அளவில் இதற்கும் போட்டேன். கொடி வேலியைத் தாண்டி வாணி வீட்டுக் கூரைமேல் ஏறிப் படுத்தது. எங்கும் இலை, ஒரு பூ இல்லை. மழைத்தண்ணீரும் சேர்ந்ததும் தகரம் தாங்கவில்லை.

"அண்ணே, இது கொடியா காடா? உள்ள புலி இருக்கான்னு பாத்துட்டு வெட்டுங்க லா" என்றாள் வாணி.

"வெட்டிடுறேன் தங்கச்சி. வேரை மட்டும் விட்டுடுறேன். காசு மாசாமாசம் தரேன்."

வாசலில் நின்ற வீரம்மாவை அவள் ஒரு பார்வை பார்த்தாள். "சரி, வேர் இருக்கட்டும்."

இடுப்பளவுக்கு வெட்டினேன். உரத்தை நிறுத்தினேன். பிரிக்பீல்ட்ஸில் சாக்கடை வேலை முடிந்து ரயிலில் வந்து, கைகால் கழுவியதும் புதுத் தளிர்களை எங்கள் பக்கமே திருப்பிக் கட்டுவேன். மூன்றாம் மாதம் மொட்டு வந்தது. மாலையில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோஸாகி, பிறகு சிவந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று மூச்சை இழுத்தார்கள். வீரம்மா மட்டும் கொத்தை மூக்கில் வைத்து, "காகிதம் மாதிரிதாங்க இருக்கு" என்பாள். அவள் முகத்தைப் பார்க்காமல் நான் தண்ணீர் ஊற்றுவேன்.

கடைசித் தவணை அறுபதைக் கொடுக்க, கையில் ஒரு கொத்துப் பூவோடு இருவரும் போனோம். வாணி பூவை முகத்தோடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே பேச ஆரம்பித்தாள். வீரம்மா குறுக்கே கேட்டாள்.

"வாணி, அடுப்புல என்ன?"

"மிளகாச் சம்பால்க்கா."

"அடி பிடிக்குது. ஓடுடி!"

எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. வாணி சட்டியோடு திரும்பி வந்தாள். "மேல இருந்தது தப்பிச்சிருச்சுக்கா. பூவை வச்சிருந்ததுல எனக்கே தெரியல. உங்களுக்கு எப்படி…"

பாதியில் நிறுத்திவிட்டாள். வீரம்மா சட்டிமேல் குனிந்தாள். "மிளகா… தீஞ்ச வெங்காயம்…" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு பூவை வாங்கி முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். "இது இன்னும் வரலைங்க."

"வரும்" என்றேன்.

நான் நீட்டிய அறுபது ரிங்கிட்டை வாங்கி வாணி வீரம்மா கையில் திணித்தாள். "கூரைக் கணக்கு முடிஞ்சிருச்சுக்கா. இதுக்குத் தேங்கா வாங்குங்க. திங்கக்கிழம எனக்கு நாலு பொட்டலம்."

"காசுக்கா, சும்மாவா?" என்றாள் வீரம்மா.

"காசுக்குத்தான் லா, இதுல கழிச்சுக்குங்க. மறுபடியும் கடன் எதுக்கு?"

வீரம்மா பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.