காலடியில் ஒரு தண்ணீர் பாட்டில்

அந்த வீதியில் அவருக்குப் பெயர் கார்க்காரர். வேலையில் இருந்தபோது கட்டட வரைபடம் போடுபவர். கோடு ஒரு மயிரிழை பிசகினாலும் தாளைக் கிழித்துப் போடுவாராம். அதையெல்லாம் இப்போது யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? அப்பா விட்டுப்போன கிழட்டுக் காரைத் துடைத்துத் துடைத்தே மனிதர் பாதியாகிவிட்டார்.

காருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். மேடு ஏறினால் போதும், கொதித்துப்போய் ரேடியேட்டர் தண்ணீரைத் தரையில் கக்கிவிடும். அப்புறம் ஓரம் கட்டு, ஆறவிடு, ஊற்று. ஊற்றுவது மனைவியின் வேலை. நல்லது கெட்டது எதற்குப் போனாலும் அந்த அம்மாளின் காலடியில் பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டுகொண்டிருக்கும்.

"இந்தச் சனியனுக்குத் தண்ணி ஊத்துற வேலை என்னிக்கு ஓயுதோ, அன்னிக்குத் திரும்பி வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மகன் வீட்டுக்குப் போனாள், பேரனைப் பார்த்துக்கொள்ள. ஆறே மாதம் என்று பேச்சு. பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இவர் சிரிப்பை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கொதித்து வெளியே வரும் தண்ணீரைப் பிடித்துவைத்து, ஆறியதும் ரேடியேட்டருக்கே திருப்பிக் கொடுக்க ஒரு டேங்க் மாட்டிவிட்டால்? வந்துவிடுவாள். வராமல் எங்கே போவாள்!

உதிரிபாகக் கடைக்காரர் டேங்கை எடுத்துக் கொடுத்துவிட்டு, "ரேடியேட்டர் மூடியையும் மாத்திடுங்க சார். பழசு இதுக்கு ஒத்துவராது" என்றார்.

"அது காரோடயே பிறந்த மூடிய்யா. மேல கம்பெனி முத்திரை இருக்கு. அதுல கை வைக்க மாட்டேன்."

"உங்க இஷ்டம்."

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கே உள்ள கொழுப்பு அது. டேங்கைக்கூட வெளியே தெரியாமல் ஹெட்லைட்டுக்குப் பின்னால்தான் ஒளித்து மாட்டினார். ரேடியேட்டர் கழுத்திலிருந்து ரப்பர் குழாயை இழுத்து டேங்கின் அடி வரைக்கும் விட்டார். கிளாம்பை முறுக்கும்போது, "இதைக் கொஞ்சம் பிடி" என்று கையைப் பின்னால் நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தானே முறுக்கினார்.

மேடேறிப் பார்த்தார். தரையில் ஒரு சொட்டு இல்லை. அத்தனையும் டேங்கில். அன்றைக்கு நின்றுகொண்டே சாப்பிட்டார், அவ்வளவு சந்தோஷம். காலையில் பார்த்தால் டேங்க் ததும்பி நிற்கிறது, ரேடியேட்டர் வறண்டு கிடக்கிறது. போச்சுடா!

கடைக்காரர் குத்திக் காட்டவில்லை. பழைய மூடியைத் திருப்பிக் காட்டினார். "மேல் ரப்பர் இல்லை பாருங்க. ஆறும்போது டேங்க் தண்ணிய இழுக்காம, விளிம்பு வழியா காத்தை இழுத்துக்குது."

மனசே இல்லாமல் பழையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புது மூடியைத் திருகினார். மறுபடி மேடு, மறுபடி கொதிப்பு. வாசற்படியில் உட்கார்ந்து டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கி அளவுக் கோட்டில் வந்து நின்றது.

"வந்துடுச்சு!" என்று கத்திவிட்டார். யாரும் என்னவென்று கேட்கவில்லை. கேட்க அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

உடனே போனை எடுத்தார்.

"என்னங்க, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றாள் மனைவி. "மருமக மறுபடியும் முழுகாம இருக்கா."

"அடடே. நல்ல விஷயமாச்சே."

"இன்னும் ரெண்டு வருஷத்துக்கு என்னால நகர முடியாது போல."

டேங்க் விஷயத்தை விட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்த பழைய மூடியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"கார் எப்படி இருக்கு? இன்னும் கொதிக்குதா? நடு ரோட்டுல தனியா நின்னீங்கன்னா யாரு தண்ணி ஊத்துவா? அதை நினைச்சாத்தாங்க எனக்குத் தூக்கமே வர்றதில்ல."

ஜன்னல் வழியே பார்த்தார். பானட் திறந்தே கிடந்தது. இத்தனை நாளாக எதற்காகப் பாடுபட்டோம் என்று அவருக்கு அழுகை வந்தது.

"கொதிக்குது" என்றார். "ஒத்தை ஆளா முடியலம்மா."

அந்தப் பக்கம் பேரன் ஏதோ கேட்டு அடம்பிடிப்பது கேட்டது.

"பிரசவம் முடியட்டும். ஒரு மாசமாவது வந்து இருந்துட்டுப் போறேன். அந்தப் பாட்டிலைத் தூக்கி எறிஞ்சிடாதீங்க."

"எறியலை."

போனை வைத்துவிட்டு, பாட்டிலைத் தேடி எடுத்துக் கழுவி, நிரப்பி, அவள் சீட்டுக்குக் கீழே வைத்தார். எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. புது மூடியைக் கழற்றிவிட்டு, சட்டைப்பையிலிருந்த பழையதை எடுத்து மாட்டினார்.